இல்லப் பொருள் பேணல்: பூசை கழிந்தபின் மிதிவண்டி

ஆயுத பூசை கழிந்தது. வீட்டு முற்றத்தில் நிற்கும் மிதிவண்டியைச் சிறிது உற்று நோக்குங்கள். கைப்பிடியில் கட்டிய வாழைக்கன்று வாடிச் சரிந்திருக்கும். குழாயில் இட்ட சந்தனம் காய்ந்து வெடித்திருக்கும். குங்குமம் ஈரம் பட்டு ஒரு கோடாக வழிந்து உறைந்திருக்கும். வண்ணத் தாளும் மாவிலையும் நிற்பதற்காகப் பிள்ளைகள் சுற்றிய ஒட்டுநாடாவை உரித்தாலோ, நாடா கையோடு வந்துவிடும். அதன் பசை மட்டும் குழாயிலேயே தங்கித் தெருப்புழுதியை வாரி அணைத்துக்கொள்ளும். வழிபாட்டிற்காக இட்டவற்றை, வழிபாடு முடிந்தபின் வண்டிக்கும் நமக்கும் தீங்கின்றி அகற்றுவது எங்ஙனம் என்பதே இத்திங்கள் நாம் பேசக் கருதும் பொருள்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு நவராத்திரி தனி நெருக்கமுடைய விழா. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் இந்நகருக்கு எழுந்தருளுகின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்து, அம்மூன்று தலங்களும் மாநில எல்லைக்கு அப்பாற்பட்ட பின்னரும் அவ்வழக்கம் தொடர்ந்து வருகின்றது. அண்டையிலுள்ள மலையாளத்தார் நூல்களையும் கருவிகளையும் பூசைக்கு வைத்து விசயதசமியன்று எடுப்பர். நம் இல்லங்களில் அரிவாள்மணை முதல் தையற்பொறி வரை யாவும் பொட்டிட்டு அமரும். அவற்றுள் தாராளமாகச் சந்தனம் பெறுவது மிதிவண்டியே.

அரிவாள்மணையைக் கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. மிதிவண்டி அவ்வாறன்று. அதன் மேனி வண்ணப்பூச்சால் ஆனது. பூசை முடிந்த மறுநாள், கறை போகவில்லையே என்னும் ஆத்திரத்தில் கையில் அகப்பட்டதை எடுத்துத் தேய்ப்போர் பலர். ஒருவர் தேங்காய் நாரை எடுப்பார்; ஒருவர் சவர அலகால் சுரண்டுவார்; மற்றொருவர் வண்ணக்கடையிலிருந்து தின்னரை வாங்கி வருவார். கறை போகும் என்பது உண்மையே. அதனோடு வண்ணமும் போகும். ஒரு நாழிகை பொறுத்திருந்தால் தானே விலகியிருக்கும் கறைக்காகப் பல ஆண்டு காக்க வேண்டிய பூச்சை இழப்பது எத்துணை நட்டம்!

பூச்சு என்னும் கவசம்

மிதிவண்டியின் வண்ணம் அழகுக்கு மட்டும் இட்டது என்று எண்ணுதல் பிழை. அதுவே இரும்பின் கவசம். பழைய கறுப்பு வண்டிகளின் சட்டம் எஃகுக் குழாய்களால் ஆனது. அக்குழாய்களின் மேல் எனாமல் வண்ணம் பூசி, சூளையில் வைத்துச் சுட்டு இறுகச் செய்வர். அதன்மேல் சிலவற்றில் பொன்னிறக் கோடுகள் இழுத்து, நிறுவனத்தின் முத்திரைப் படத்தை ஒட்டி முடிப்பர். சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் வண்டிகளும், பிற நிறுவனங்களின் வண்டிகளும் தந்தையிடமிருந்து மகனுக்கும், தமையனிடமிருந்து தம்பிக்கும் கைமாறி இன்றும் ஓடிக்கொண்டிருப்பது இக்கவசத்தின் உறுதியினால்தான். இக்காலத்துப் புதிய வண்டிகளில் வண்ணத்தின்மேல் தெளிந்த அரக்குப் பூச்சு ஒன்றும் இருக்கும். சிலவற்றில் பொடி வண்ணத்தைத் தூவி உருக்கிப் படியச் செய்திருப்பர். எம்முறையாயினும், எல்லாப் படலங்களையும் சேர்த்தால் அதன் கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான்.

அம்மெல்லிய படலம் ஓரிடத்தில் கிழிந்தாலும் இந்நகரின் காற்று அதனை விட்டுவைப்பதில்லை. சங்குமுகத்திலும் வலியதுறையிலும் அடிக்கும் கடற்காற்று நுண்ணிய உப்பைச் சுமந்து வருகின்றது. இரும்பும் நீரும் உயிர்வளியும் கூடினால் துரு உண்டாகும். உப்பு சேர்ந்தால் அது விரைவுபெறும். மேலும், பூசை கழிந்த சில நாள்களில், மலையாளத்தார் துலாவர்ஷம் என்று கூறும் ஐப்பசி மழை மாலைதோறும் இடியுடன் இறங்கிவிடும். ஆகவே, விசயதசமிக்கு மறுநாள் நாம் சுரண்டிய இடம் தீபாவளிக்குள் செந்நிறமாக மாறியிருக்கக் காணலாம். வெளியே தெரியும் புள்ளி சிறிதாயினும், துரு வண்ணத்தின் அடியில் புகுந்து ஊர்ந்து செல்லும். முழுக் குழாயும் நலிந்தால் வண்டியின் ஆயுளே முடிந்துவிடும். புலம்பெயர்ந்து வந்து வரவு செலவை எண்ணி வாழும் குடும்பத்திற்கு இது சிறு செய்தியன்று.

எது எதனால் கரையும்?

கறை நீக்கும் கலையின் அடிப்படை ஒன்றே. ஒத்தது ஒத்ததைக் கரைக்கும். நீரில் கரைவது நீரால் போகும். எண்ணெய்த் தன்மை உடையது எண்ணெயால் இளகும். இவ்வுண்மையை நம் அடுக்களை நெடுங்காலமாக அறியும். பலாப்பழம் அறுக்கும்போது நம் அத்தை கையிலும் கத்தியிலும் தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வார்; அண்டை வீட்டுச் சேச்சியும் அதையே செய்வார். தண்ணீரும் சோப்பும் அசைக்க முடியாத பலாப்பாலை எண்ணெய் எளிதில் விலக்கிவிடும். அந்த அறிவையே சற்று நீட்டி மிதிவண்டிக்கும் வழங்கினால் போதும்.

மற்றோர் அடிப்படையும் உண்டு. மெல்லிய வழியை முதலில் கையாண்டு, அது பயனளிக்காதபோது மட்டுமே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். முதலில் நீர், பின் இளஞ்சூட்டு நீரும் சோப்பும், அதன்பின் தேங்காயெண்ணெய். நூறு கறைகளில் தொண்ணூறு இம்மூன்றுக்குள் அடங்கிவிடும் என்று துணிந்து கூறலாம்.

தொடங்குமுன்

வண்டியை வெயிலில் நிறுத்தாமல் நிழலில் நிறுத்துங்கள். சூடேறிய குழாயில் சோப்பு நீர் உடனே உலர்ந்து திட்டுத் திட்டாகப் படிந்துவிடும். பழைய பருத்தி வேட்டியையோ உள்சட்டையையோ நான்கைந்து துண்டுகளாகக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானும் தையல் மடிப்பும் இல்லாத துண்டுகளே நன்று. இரண்டு வாளி நீர் வேண்டும். ஒன்று சோப்புக்கு, ஒன்று அலசுவதற்கு. சோப்பாவது, பாத்திரம் துலக்கும் மென்மையான திரவ சோப்பில் சில துளிகள் போதும். துணி வெளுக்கும் சோடாவும் காரச் சவர்க்காரமும் வேண்டா.

எந்தப் பொருளைக் கையாள்வதாயினும், முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் சோதித்துப் பாருங்கள். மிதிகளின் அச்சு அமைந்த குழாயின் அடிப்பக்கம் இதற்கு ஏற்றது. வெள்ளைத் துணியில் சிறிது தொட்டுத் தேய்த்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். துணியில் வண்ணம் ஏறியிருந்தாலும், பூச்சு பிசுபிசுத்தாலும், பளபளப்பு மங்கியிருந்தாலும் அப்பொருள் உங்கள் வண்டிக்கு ஆகாது.

சந்தனமும் திருநீறும் குங்குமமும்

காய்ந்த சந்தனத்தையும் திருநீற்றையும் வறண்ட துணியால் தேய்க்காதீர்கள். இவற்றிலும், இவற்றோடு கலந்த தெருப்புழுதியிலும் நுண்ணிய மணல் உண்டு. வறண்டு தேய்த்தால் அது உப்புத்தாள் போல் பூச்சில் கீறல் இடும். ஒரு துணியை இளஞ்சூட்டு நீரில் நனைத்து, பொட்டின்மேல் போர்த்திப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். காய்ந்த சந்தனம் மீண்டும் ஈரமுற்றுக் குழைந்துவிடும். பின் அழுத்தாமல், ஒரே திசையில், துணியை மடித்து மடித்துப் புதிய பக்கத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் எடுத்த மண்ணையே மீண்டும் பூச்சின்மேல் உருட்டுவதாகும்.

குங்குமத்தையும் மஞ்சளையும் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மஞ்சளின் நிறப்பொருள் நீரில் கரைவதன்று; எண்ணெயில் கரைவது. காரம் பட்டால் அது சிவக்கும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்வதும், ஆலத்தித் தட்டில் நீர் சிவப்பதும் இதனாலேயே. ஆகவே மஞ்சள் பட்ட இடத்தில் காரச் சவர்க்காரத்தைப் போட்டுவிட்டு, கறை இன்னும் சிவந்து போயிற்றே என்று கலங்குவதில் பொருளில்லை. நீரில் துடைத்தபின் எஞ்சும் மஞ்சள் நிறத்தில் இரண்டு துளி தேங்காயெண்ணெய் விட்டு, சற்றுப் பொறுத்துத் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். அதன்பின்னும் வெளிர் நிறம் ஒன்று தங்கினால் அதனைக் கதிரவனிடம் விட்டுவிடுங்கள். மஞ்சளின் நிறம் வெயில் பட்டால் வெளுத்துப்போகும் இயல்பினது. கடைகளில் விற்கும் குங்குமத்திற் பல செயற்கைச் சாயம் கலந்தவை. வெண்ணிற வண்டியில் அவை ஊறாமலிருக்க, பூசை முடிந்த அன்றே துடைத்துவிடுதல் நன்று.

கைப்பிடியில் கட்டிய வாழைக்கன்றின் சாறும் வடு விடும். ஈரமாக இருக்கும்போது சோப்பு நீருக்கே அது இணங்கும். காய்ந்து பழுப்பேறினால் நாள்தோறும் சிறிது சிறிதாகத் துடைக்க வேண்டியிருக்கும். மரத்தடியில் நிறுத்திய வண்டியில் பறவை எச்சம் விழுந்திருந்தால் அதனையும் உடனே ஊறவைத்து எடுத்துவிடுங்கள். எச்சத்தில் உள்ள அமிலம் வெயிலின் சூட்டோடு சேர்ந்து பூச்சின் பளபளப்பைத் தின்றுவிடும்.

ஒட்டுநாடாவின் பசை

எல்லாவற்றினும் மனத்தைச் சோதிப்பது ஒட்டுநாடாவின் பசையே. இதற்கும் வண்ணப்பூச்சுக்கும் இடையிலுள்ள பகை பழமையானது. அமெரிக்க நாட்டில் 1920-களில் மோட்டார் வண்டிகளுக்கு இரு நிறம் பூசும் வழக்கம் பரவியபோது, ஒரு நிறத்தை மறைக்கத் தாளைப் பசையிட்டு ஒட்டுவர். தாளை எடுக்கும்போது புதிய வண்ணமும் உரிந்து வரும். இந்த இடரைக் கண்ட ரிச்சர்டு ட்ரூ என்னும் இளைஞர், 3எம் நிறுவனத்தில் பணியாற்றியவர், வண்ணத்தை உரிக்காமல் ஒட்டி எடுக்கத்தக்க நாடா ஒன்றை 1925-இல் உருவாக்கினார். கண்ணாடிபோன்ற செல்லோபேன் நாடாவை அவரே 1930-இல் ஆக்கினார். பூச்சைக் காப்பதற்கென்றே பிறந்த குலத்தில் வந்த நாடா, வாரக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பூச்சுக்கே தொல்லையாகிவிடுகின்றது. வெயில் பட்டால் நாடா நொறுங்கும். பசை இறுகி மஞ்சளிக்கும். ஆகவே நாடாவை நீண்ட நாள் விட்டுவைப்பதே முதற் குற்றம்.

நாடா இன்னும் ஒட்டியிருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். கை பொறுக்கும் சூட்டில் நீரைத் துணியில் நனைத்துப் பிழிந்து, நாடாவின்மேல் சில நிமிடம் வைத்திருங்கள். சூட்டில் பசை இளகும். பின் ஒரு முனையைத் தூக்கி, நாடாவைத் தன்மேலேயே மடித்துப் பின்னோக்கி, மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பூச்சையும் தூக்கும். தலைமுடி உலர்த்தும் கருவி உள்ளவர்கள் அதன் இளஞ்சூட்டைத் தூர வைத்துப் பயன்படுத்தலாம். மெழுகுவர்த்தி, தீக்குச்சி முதலியவற்றின் சுடரைக் காட்டுதல் எக்காரணத்தாலும் ஆகாது.

எஞ்சிய பசையின்மேல் தேங்காயெண்ணெயைத் தாராளமாகத் தடவி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். மிகப் பழைய பசையாயின், எண்ணெயில் தோய்த்த சிறு துணியை அதன்மேல் வைத்துக் கட்டி ஓரிரவு விடலாம். பின் விரல் நுனியாலோ துணியாலோ உருட்டினால் பசை அழுக்குப்போல் திரண்டு வரும். சுரண்டித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் தாழ்வாகச் சாய்த்துத் தள்ளுங்கள். இரும்பு, கண்ணாடி, சவர அலகு ஆகியவற்றின் முனை பூச்சில் படலாகாது. ஒருமுறையில் போகாவிட்டால் மீண்டும் எண்ணெய், மீண்டும் பொறுமை. பதறாத காரியம் சிதறாது என்பது நம் மூதாட்டியர் மொழி.

பசை போனபின் எண்ணெயையும் போக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் புழுதி மீண்டும் வந்து படியும். சோப்பு நீரில் இருமுறை துடைத்து, நல்ல நீரில் அலசிய துணியால் ஒற்றி, உலர்ந்த துணியால் முடியுங்கள். சாலையில் தெறித்த தாருக்கும், பலா முதலிய மரங்களின் அடியில் நிறுத்தியதால் படிந்த பாலுக்கும் பிசினுக்கும் இதே முறை பொருந்தும்.

குழாயிலிருந்து நீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டா. முன்கழுத்தின் குண்டுகளிலும், மிதி அச்சிலும், சக்கரக் குடங்களிலும் நீர் புகுந்தால் உள்ளிருக்கும் கிரீசை அரித்து, வெளியே காத்த துருவை உள்ளே வரவழைத்ததாகும். நனைந்து பிழிந்த துணியே போதுமானது.

விலக்கத்தக்கவை

தின்னரை விலக்க வேண்டும். வண்ணத்தை இளக்குவதற்கென்றே செய்த பொருள் அது. சூளையில் சுட்ட எனாமல் சிறிது தாங்கினாலும், பின்னாளில் பட்டறையில் தெளித்த வண்ணத்தையும், பொன்னிறக் கோட்டையும், நிறுவன முத்திரையையும் அது நொடியில் அழித்துவிடும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் அத்தகையதே. கைகழுவ வைத்திருக்கும் சாராயக் கிருமிநாசினி, பழைய அரக்குப் பூச்சை மங்கச் செய்யக்கூடும். சோதித்துப் பாராமல் தொடாதீர்கள். கரிய நாரிழையால் ஆன விலையுயர்ந்த சட்டங்களுக்கு மென்மையான சோப்பு நீரையன்றி வேறொன்றும் வேண்டா.

பெட்ரோல் அறவே ஆகாது. அது பூச்சைக் கெடுப்பது ஒருபுறம் இருக்க, சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகி, அந்த ஆவி தரையோடு தவழ்ந்து, தூரத்தில் உள்ள சுடரையும் எட்டிப் பற்றிக்கொள்ளும். பூசை நாள்களில் வீட்டில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருக்கும் என்பதை மறவாதீர்கள். மண்ணெண்ணெய் அத்துணைக் கொடியது அன்று. கெட்டித்த தாருக்கு அதனைத் துணி நுனியில் தொட்டுப் பயன்படுத்துவாரும் உளர். ஆயினும் திறந்த வெளியில், சுடர் அருகில் இன்றி, பிள்ளைகள் தொடாவண்ணம் செய்ய வேண்டும். இக்காலத்தில் பல இல்லங்களில் மண்ணெண்ணெயே இல்லை. தேங்காயெண்ணெய் இருக்கும் ஊரில் அஃது இல்லாமை ஒரு குறையும் அன்று.

நம் அடுக்களையின் பழைய துணைகளான சாம்பல், தேங்காய் நார், புளி, எலுமிச்சை ஆகியவை பித்தளைக்கும் செம்புக்கும் உரியவை. வெண்கலக் குடத்தைப் பளிச்சிடச் செய்யும் அதே சாம்பல் வண்டியின் பூச்சை உராய்ந்து பொலிவிழக்கச் செய்யும். மணிக்குப் புளி தேய்த்தால் சட்டத்தில் அது வழியாமல் காத்து, உடனே கழுவிவிட வேண்டும்.

உயிரைக் காக்கும் ஒரு செய்தி

இதுகாறும் கூறியவற்றில் எதனை மறந்தாலும் இனிக் கூறுவதை மறத்தலாகாது. பூச்சுக்கு நன்மை செய்யும் எண்ணெய் பிரேக்குக்கு நஞ்சு. ரிம் என்னும் சக்கர வளையத்திலோ, அதனைப் பற்றும் ரப்பர்க் கட்டையிலோ எண்ணெய் பட்டால் பிரேக்கு பிடிக்காது, வழுக்கும். திருவனந்தபுரம் மேடும் பள்ளமும் ஆன ஊர். இறக்கத்தில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை கைப்பிடியை இறுக்கிய வேளையில் வண்டி நில்லாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எண்ணெய் தொடுமுன் சக்கரங்களையும் பிரேக்குக் கட்டைகளையும் பழைய துணியாலோ செய்தித்தாளாலோ மூடிவிடுங்கள். எண்ணெயைப் புட்டியிலிருந்து ஊற்றாமல் துணியில் தொட்டுத் தடவுங்கள். முடித்தபின் வளையத்தைத் தனித் துணியால், புதிய சோப்பு நீரில் சுற்றிலும் துடைத்து, அலசி, உலர்த்துங்கள். பூசையன்று வளையத்திலும் சந்தனம் இட்டிருந்தால் அதுவும் போக வேண்டும். புதிய வண்டிகளில் காணும் டிஸ்க் பிரேக்கின் தட்டில் விரல் பிசுக்கு பட்டாலும் கேடு. அதன் கட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் புதிது மாற்றுவதே முறை. எல்லாம் முடிந்தபின், பெரியவர் ஒருவர் சமதரையில் ஏறி, மெல்ல ஓட்டி, இரண்டு பிரேக்குகளையும் பிடித்துப் பார்த்த பிறகே வண்டியைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும்.

கறையல்லாத கறை

சில பழைய வண்டிகளைத் துடைக்கும்போது துணியில் வெண்பொடி வந்துகொண்டேயிருக்கும். எத்தனை முறை துடைத்தாலும் தீராது. இது வெளியிலிருந்து வந்த அழுக்கன்று. வண்ணமே வெயிலில் நலிந்து பொடியாவது. இதன் காரணத்தை அறிய நாம் வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நம் நகரின் கொச்சுவேளியில் 1946-இல் நிறுவப்பெற்ற திருவாங்கூர் டைட்டானியம் தொழிற்சாலை, கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் வெண்ணிறப் பொடியைச் செய்கின்றது. வண்ணங்களுக்கு வெண்மையும் மறைக்கும் ஆற்றலும் தருவது இப்பொடியே. இதில் இருவகை உண்டு. அனட்டேசு என்னும் வகை கதிரவன் ஒளியில் தன்னைச் சூழ்ந்த பிசினைச் சிதைத்துப் பூச்சை விரைவில் பொடியச் செய்யும். ரூட்டைல் என்னும் வகை அவ்வாறு எளிதில் செய்யாது. ஆதலின் வெளியே வெயிலில் நிற்கும் பொருள்களின் வண்ணத்திற்கு ரூட்டைலே ஏற்றது என்பர்.

வெண்பொடி காணும் வண்டியை மேலும் மேலும் தேய்ப்பது எஞ்சிய பூச்சையும் குறைப்பதாகும். சோப்பு நீரில் ஒருமுறை துடைத்து, உலர்ந்தபின் மோட்டார் வண்டிக்கு இடும் மெழுகை மெல்லியதாகப் பூசி மெருகிட்டால் போதும். நல்ல பூச்சுள்ள வண்டிக்கும் இம்மெழுகு மழைக்காலக் காப்பாகும். பளபளப்பில்லாத மந்த வண்ண வண்டிகளுக்கு மட்டும் மெழுகும் மெருகும் இடலாகாது. அவை திட்டுத் திட்டாக மின்னும்.

பூச்சு போய்விட்டால்

முன்பே சுரண்டி இரும்பு தெரிகின்றதா? கவலற்க. மழைக்கு முன் அதனை மூடிவிடுங்கள். துருவை அகற்ற நுண்ணிய நீர்த்தாளை நனைத்து, புள்ளியை மட்டும் தேய்த்து, நன்கு உலர்த்தி, முதற்பூச்சும் அதன்மேல் நிற வண்ணமும் சிறு தூரிகையால் இடலாம்.

ஆனால் பழைய வண்டியின் வண்ணத்தை வறண்ட நிலையில் ஒருபோதும் தேய்க்காதீர்கள். அக்கால வண்ணங்களில், சிறப்பாகச் சிவப்பிலும் மஞ்சளிலும், ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் இந்திய அரசின் விதி 2016-இல் வெளியாகி, 2017 நவம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதற்கு முற்பட்ட வண்ணத்தின் தூசியை நச்சென்றே கருதி நடத்தல் அறிவுடைமை. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. ஆதலின் நனைத்தே தேய்த்து, கசடைத் துணியில் ஒற்றிக் கட்டிக் குப்பையில் இட்டு, கையை நன்கு கழுவுங்கள். சிறுவர்களை அப்பால் நிற்கச் செய்யுங்கள்.

அடுத்த ஆண்டுக்கு

நோயை நீக்குவதினும் வராமற் காப்பது எளிது. வரும் பூசைக்குச் சில எளிய மாற்றங்களைச் செய்யலாம். நாடாவுக்கு மாறாக வாழைநாரோ பருத்தி நூலோ கொண்டு கட்டுங்கள். நம் முன்னோர் அவ்வாறே கட்டினர். பொட்டை வண்ணம் பூசிய குழாயில் இடாமல், முலாம் பூசிய கைப்பிடியிலும் மணியிலும் இடுங்கள். சிறு வெற்றிலை ஒன்றை நூலால் கட்டி அதன்மேல் சந்தனம் வைத்தாலும் வழிபாட்டில் குறைவொன்றும் வாராது. பூசை முடிந்து கருவிகளை எடுக்கும் அன்றே ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிட்டால், மேலே சொன்ன அரைநாள் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

இவ்வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு நாம் உள்ளே சென்றுவிடாமல், அவர்களோடு உடனிருந்து செய்தல் நன்று. எதனை ஊறவைக்க வேண்டும், எதனைத் தொடலாகாது, பிரேக்கை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பதைக் கையோடு கற்ற பிள்ளை தன் வண்டியைத் தானே காக்கும். நாளை அது தம்பிக்கோ தங்கைக்கோ போகும்போது நல்ல நிலையில் போகும். மழை தொடங்குமுன் இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாளி நீரையும் ஒரு கிண்ணம் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு முற்றத்திற்கு வாருங்கள்.